போர்டு இல்லாத ஊர்

இந்தியாவுக்குப் புதிதாக வருகிற வெளிநாட்டுக்காரருக்கு நம் கிராமங்கள் முதலில் கொடுப்பது ஒரு நாற்காலி. கீழப்பழுவூர்ப் பக்கம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். திண்ணையில் இருக்கிறவர் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்திருப்பார். உள்ளேயிருந்து நாற்காலி வரும். துண்டால் தூசு தட்டிப் போடுவார்கள். காப்பி வரும். அந்த வீட்டு நிலத்தில் நாற்பது வருஷம் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்துப் போட்ட கிழவி வந்து வாசலில் நின்றால் அதே நாற்காலி வெளியே வராது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஊராட்சி மன்றத் தலைவராகவே ஆகிவிட்ட தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தின படத்தை நாமெல்லாம் பார்த்தோம். ஓட்டு வாங்கி வந்தவருக்குக் கிடைக்காத நாற்காலி விசா வாங்கி வந்தவருக்குக் கிடைக்கும்.

இந்த இரண்டு நடப்பையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே திண்ணையில் அனுபவித்ததை நான் கூட நின்று பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மா தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தாங்க. டர்பன் நகரத்தை ஒட்டின சாட்ஸ்வொர்த். வயசு அறுபதுக்கு மேல். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவங்க. 2023 தை மாசம் சென்னைத் தோழர் ஒருவர் போன் பண்ணி, "உடையார்பாளையம் தாலுக்கான்னு ஒரு காகிதத்துல இருக்கு, உங்க பக்கம்தானே, கொஞ்சம் கூட இருந்து பாருங்க" என்றார். அரியலூர் ஸ்டேஷனில் பல்லவன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கினாங்க. நிறம் நம்ம நிறம். முகம் நம்ம முகம். வாயைத் திறந்தால்தான் வெளிநாடு. தமிழில் முப்பது நாற்பது வார்த்தை தெரியும். அம்மா, தாத்தா, அத்தை, மாமா, தண்ணி, சோறு. அந்தச் 'சோறு' என் காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் எம்.ஏ. தமிழ் படிக்கப் போன இடத்தில், தமிழ் படிக்கிற இடத்தில், சோறு என்று சொன்னதற்காகப் பையன்கள் சிரித்தார்கள். சாதம்னு சொல்லணுமாம். கப்பலேறிப் போன சனங்க சோற்றைக் கொண்டு போயிருக்காங்க. அதைச் சொல்லக் கூச்சப்படணும் என்பதைக் கொண்டு போகல.

கையில் இருந்த காகிதம் கப்பல் பட்டியலின் நகல். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட சென்னை மாகாணத்து ஆட்கள். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை என்று வேலை. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷத்தில் மாசம் பத்து ஷில்லிங் கூலி. போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, மாவட்டம், தாலுக்கா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். இந்த அம்மாவின் பூட்டன் 1890களில் போனவர். தாது வருஷத்துப் பஞ்சம் (1876-78) முடிந்து ஒரு தலைமுறைகூட ஆகாத காலம். மாவட்டம் திருச்சினாப்பள்ளி. தாலுக்கா உடையார்பாளையம். ஊர்ப் பேர் சிதைந்து போயிருந்தது. காதால் கேட்டதை எழுதின குமாஸ்தாவுக்கு நம்ம ழகரமும் தெரியல, நம்ம ஊரும் தெரியல. மூன்று ஊருக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பேர். ஆனால் சாதிக் கட்டத்தில் 'பறையன்' என்று இங்கிலீஷில் சுத்தமாக எழுதியிருந்தது. ஊரைத் தப்பா எழுதினவன் சாதியை மட்டும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறான்.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூருக்கு டவுன் பஸ். வழி முழுக்க சிமெண்ட் லாரி, சுண்ணாம்புத் தூசி. கண்டக்டர் அந்த அம்மா கையில் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காசு வாங்கல. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று விளக்கினேன். "எந்த நாடுன்னுகூடக் கேக்கலையே" என்று அந்த டிக்கெட்டை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாங்க. பஸ் நல்ல இடம்தான். காசு கொடுத்தால், அல்லது பெண்ணாய் இருந்தால், உட்காரலாம். ஆனால் இந்த பஸ்ஸுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தபோது, அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென் மாவட்டங்களில் கலவரமே நடந்தது. கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டது. பஸ்ஸில் ஏறலாம். பஸ்ஸின் மேலே பேராக ஏற முடியாது.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்கள் அவங்களைச் சுற்றிக்கொண்டு கேள்வி கேட்டார்கள். எந்த ஊரு? இங்க யாரு வூட்டுக்கு? எத்தினி புள்ளைங்க? அப்பா என்ன பண்ணாரு? நான் மொழிபெயர்த்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவன் இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேள்விகள் போய்ச் சேர்ந்தன. அன்றைக்குச் சாயங்காலம் அவங்க நோட்டில் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினாங்க. இந்தச் சனங்கள் அன்பானவர்கள், பேரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்கிறார்கள், குடும்பத்தை விசாரிக்கிறார்கள், டர்பனில் பக்கத்து வீட்டுக்காரர்கூட இத்தனை கேட்க மாட்டார் என்று எழுதியிருந்தாங்க.

அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அது எங்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. முதலில் எந்த ஊரு. அப்புறம் எந்தத் தெரு. அப்புறம் யாரு மகன். அப்புறம் அந்த ஊர்ல இன்னாரைத் தெரியுமா, அவங்க உங்களுக்கு என்ன முறை. குலசாமி எது. இதில் எங்கேயோ ஒரு இடத்தில் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு கேள்வி நின்றுவிடும். என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை 'எந்தத் தெரு' என்பதோடு நின்றுவிடும். காலனி என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு நான் எத்தனை பிள்ளை பெற்றேன், என்ன படித்தேன், என்ன எழுதினேன் என்று யாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்காது. மாவட்டத் தலைநகரில் வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நீங்க சைவமா என்று ஆரம்பிப்பார்கள்.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களில் இதைக் கண்டு எழுதி வைத்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த பாகியான், சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள் என்றும், நகரத்துக்குள்ளோ சந்தைக்குள்ளோ வரும்போது கட்டையைத் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தார்கள் என்றும், மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டு விலகிக்கொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், கசாப்புக்காரரும் மீன் பிடிப்பவரும் துப்புரவு செய்பவரும் ஊருக்கு வெளியே அடையாளம் இட்ட வீடுகளில் இருந்தார்கள், வீதியில் இடது ஓரமாகவே நடந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். புத்தர் பிறந்த நாட்டைப் பார்க்க வந்த இரண்டு பிக்குகள். வந்த வேலை வேறு. ஆனாலும் கண்ணில் பட்டதை விட்டுவிடவில்லை. உள்ளூர்ப் புலவர்கள் எத்தனை பேர் அந்தக் கட்டைச் சத்தத்தைக் கேட்டும் கேளாமல் காவியம் பாடினார்கள் என்று தமிழ் படித்தவன் என்ற முறையில் நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

கீழப்பழுவூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாங்க. கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடின ஆலந்துறைக் கோயில். பழு என்றால் ஆலமரம். பக்கத்தில் மேலப்பழுவூரும் கீழையூரும். சோழர்களுக்குக் கீழே இருந்து இந்தச் சீமையை ஆண்ட பழுவேட்டரையர் கட்டின கற்கோயில்கள் அங்கே இருக்கின்றன. பொன்னியின் செல்வன் படம் 2022இல் வந்த பிறகு பெரிய பழுவேட்டரையரைத் தேடிக் காரில் ஆட்கள் வருகிறார்கள். அந்த அம்மாவும் சிற்பங்களைப் பார்த்து அசந்து போனாங்க. பார்க்க வேண்டியதுதான். செதுக்கினவர்கள் கை சாதாரணக் கை அல்ல. ஆனால் அதே சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வரி நீக்கின இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாகப் பொறித்திருக்கிறது. தீண்டாச்சேரி என்பது நான் கோபத்தில் உண்டாக்கின வார்த்தை இல்லை. ராசராசன் கல்லில் வெட்டின வார்த்தை. கோயிலைக் காட்டுகிற வழிகாட்டிகள் அந்த வரியைக் காட்டுவதில்லை. நான் சொன்னேன். அவங்க நோட்டில் குறித்துக்கொண்டாங்க.

மறுநாள் காகிதத்தில் இருந்த மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போனோம். ஊர்ப் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஊர் மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பஸ் நின்றது குடியானத்தெருவில். ஒரு பெரியவர் எழுந்து வந்தார். நாற்காலி வந்தது. எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளயா?" "காலனி." அவ்வளவுதான், நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னாங்க. பரவாயில்லை என்றேன். ஏன் பரவாயில்லை என்று அவங்களுக்குப் புரியவில்லை. பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஆப்பிரிக்காவா! எங்க வூட்டுலேர்ந்தும் ஒருத்தரு கப்பலேறிப் போனாருன்னு எங்க ஆயா சொல்லும். நீங்க நம்ம வூட்டுப் பொண்ணாக்கூட இருக்கலாம்." நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு தலைமுறை கழித்து வந்த இடத்தில் நம்ம பொண்ணு என்கிறார்கள். பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாங்க. காலேஜ் படிக்கிற பேரன் வாங்கி எல்லாருக்கும் கேட்கும்படியாகத் தமிழாக்கிப் படித்தான். பேரு. அப்பா பேரு. வயசு இருபத்திரண்டு. சாதி... அந்த இடத்தில் நிறுத்தினான். தாத்தாவைப் பார்த்தான். குனிந்து காதில் சொன்னான்.

பெரியவர் கோபப்படவில்லை. "அப்பிடியா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது அந்தாண்ட இருக்கு. அங்க போயி கேட்டாத்தான் தெரியும்" என்று கிழக்கே கையை நீட்டினார். வீட்டம்மா டம்ளரை எடுக்க வந்தாங்க. பாதியில் நின்றாங்க. திரும்பி உள்ளே போய்விட்டாங்க. காலி டம்ளர் திண்ணை ஓரத்திலேயே இருந்தது. நாங்கள் தெருமுனை திரும்புகிறவரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். டம்ளர் உள்ளே போகல. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசல. யாரும் அடிக்கல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள்ளும் வராத மாதிரி, ரொம்ப மரியாதையாக எல்லாம் நடந்து முடிந்தது. "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று அந்த அம்மா கேட்டாங்க. நீங்க எதுவும் தப்பா சொல்லல, நீங்க வந்து சேர்ந்துட்டீங்க, அவ்வளவுதான் என்றேன்.

கிழக்கே நடந்தோம். தார் ரோடு ஒரு வேப்பமரத்தோடு முடிகிறது. அதுக்கப்புறம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தாண்ட சேரி. நடக்கும்போது அவங்க கேட்ட கேள்விகள் என்னோடு வந்த பசங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஏன் ரெண்டு தண்ணித் தொட்டி? ஏன் ரெண்டு சுடுகாடு? ஒரு மாரியம்மனுக்கு ஏன் ரெண்டு கோயில்? பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. ஏன் கிழக்கே உதிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. புதிதாக வந்தவர்தான் கேட்பார். இரண்டு தொட்டி என்றதும் பசங்கள் சிரிப்பு நின்றது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம சனங்க குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்து அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை. 2022 டிசம்பர் கடைசி வாரம். அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வார்த்தை வந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு பையன் சொல்லி முடித்தான்.

சேரியில் நாற்காலி ஒரு வீட்டில் இல்லை. நாலு வீடு தள்ளிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்தார்கள். அந்த அம்மா அதில் ஒரு கிழவியை உட்கார வைத்துவிட்டுத் தான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாங்க. விஷயத்தைச் சொன்னோம். கிழவி அவங்க கன்னத்தைத் தடவிப் பார்த்து, "வந்துட்டியா தாயி, இம்மா நாளா எங்க போயிருந்த?" என்றது. நேற்றுச் சந்தைக்குப் போனவளைக் கேட்கிற மாதிரி. அந்தக் காகிதத்தை யாரும் வாங்கிப் பார்க்கல. ஆதாரம் கேட்கல. அந்தத் தெருவில் ஒரு குடும்பத்துக்குக் 'கப்பக்காரன் வூடு' என்று பேர். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அந்தக் குடும்பத்துக்கே தெரியல. தாத்தா காலத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அதுதான் இவங்க பூட்டன் வீடா என்பதற்குச் சாட்சி எதுவும் கிடையாது. இருந்தாலும் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் இருந்தாங்க. சோறு சாப்பிட்டாங்க.

ராத்திரி எங்க வீட்டில் தங்கினாங்க. அன்று பேசினதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அவங்க பிறந்தது கேட்டோ மேனர். 1950இல் தென்னாப்பிரிக்காவில் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த நிறத்துக்காரன் எங்கே குடியிருக்கணும் என்று அரசாங்கம் கோடு போட்டது. அந்தச் சட்டத்தில்தான் கேட்டோ மேனரில் இருந்த இந்தியக் குடும்பங்களைப் பிடுங்கி 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டு போய்க் கொட்டினார்கள். இவங்க அப்போது சின்னக் குழந்தை. 1953இல் இன்னொரு சட்டம். கடற்கரை, பஸ், பெஞ்சு, தபால் ஆபீஸ் ஜன்னல் எல்லாம் தனித்தனி. 'வெள்ளையர் மட்டும்' என்று போர்டு. டர்பன் கடற்கரையில் ஒரு அலையில் குளிக்க விடுவான், பக்கத்து அலையில் விடமாட்டான் என்று சொல்லிச் சிரிச்சாங்க. 1994 ஏப்ரலில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டாங்க. அப்போது முப்பது வயசுக்கு மேல். பகலில் சேரியைப் பார்த்ததுமே, "இது சாட்ஸ்வொர்த்" என்று முணுமுணுத்தாங்களாம், எனக்குத்தான் கேட்கல.

அப்புறம் ஒன்று கேட்டாங்க. "எங்க ஊர்ல போர்டு இருந்தது. அதை உடைச்சோம், எரிச்சோம், கடைசியில சட்டம் போட்டு எடுத்தாங்க. உங்க ஊர்ல போர்டே இல்லையே. நீங்க எதை எடுப்பீங்க?"

எனக்குப் பதில் உடனே வரவில்லை. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு 1950லிருந்து இருக்கிறது. 1955இல் ஒரு சட்டம், 1989இல் ஒரு சட்டம். அவங்க நாட்டில் 1950இல் ஒதுக்குவதற்குச் சட்டம் போட்டான், அதே வருஷத்தில் நாம் ஒதுக்குவதை ஒழிக்கச் சட்டம் போட்டோம். அவங்க சட்டத்தை எடுத்ததும் போர்டு போய்விட்டது. அதோடு எல்லாம் சரியாகிவிடல, கறுப்பு ஏழை இன்னும் ஏழைதான், அதையும் அவங்களே சொன்னாங்க. ஆனாலும் சண்டை போட ஒரு போர்டு இருந்தது. இங்கே போர்டு தெருவின் பேரில் இருக்கிறது. தொட்டியில் இருக்கிறது. காலி டம்ளரை எடுக்க வந்து நின்ற காலில் இருக்கிறது. எல்லாருக்கும் படிக்கத் தெரியும். எழுதினது மட்டும் எங்கேயும் கிடையாது.

அம்பேத்கர் இதை வெளிநாட்டுக்காரர்களுக்காகவே எழுதியிருக்கிறார் என்று அவங்களிடம் சொன்னேன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அதற்குப் பேர். 1935 வாக்கில் எழுதினது, 1990இல்தான் சிறு நூலாக வெளிவந்தது. வெளியார்க்குத் தீண்டாமை என்று ஒன்று இருப்பது தெரியும், ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்காததால் அதன் கனம் தெரியாது, அதனால் சில சம்பவங்களைச் சொல்கிறேன் என்று தொடங்குகிறார். அதில் பரோடா சம்பவத்தைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1913இல் நியூயார்க் போய், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் திரும்பி வருகிறார். வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அவருக்கு மறந்து போயிருக்கிறது. பரோடா ஸ்டேஷனில் இறங்கினதும், எங்கே தங்குவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. அதாவது அவர் ஒரு வெளிநாட்டுக்காரரைப் போலத்தான் வந்து இறங்குகிறார். ஸ்டேஷனிலேயே இந்தியா அவரைத் திரும்பத் தீண்டப்படாதவராக்குகிறது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பேரை எழுதிவிட்டுத் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். சொந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்ட மனுஷன் அவர்.

அந்த அம்மா மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிச் சொன்னாங்க. கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், தலித் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் அவருக்கு அதிர்ச்சி, கொஞ்சம் கோபமும். பிரதமரோடு சாப்பிட்டவன் நான், என்னைப் போய் இப்படிச் சொல்வதா என்று. அப்புறம் தன் சனங்கள் இருக்கிற நிலைமையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். 1965 ஜூலை 4ஆம் தேதி அட்லாண்டாவில் தன் சபையில் இதைச் சொல்லிப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

"எனக்கு அது கோபமா வரல, அவமானமாவும் வரல" என்று சொன்னாங்க அந்த அம்மா. "எங்க வீட்டுல இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்ல. எங்க தாத்தா கரும்புக் காட்டுக்குள்ள கட்டின மாரியம்மன் கோயில்ல பூசாரி. தமிழாளுங்க எல்லாரும் வருவாங்க, அவர் கையால துன்னூறு வாங்குவாங்க. கப்பல்ல எல்லாரும் ஒரே தொட்டியில தண்ணி குடிச்சு, ஒரே அடுப்புல பொங்கின சோத்தைத் தின்னு போனவங்க. அங்கயும் கல்யாணப் பேச்சுல சில பேரு மெதுவா விசாரிப்பாங்க. ஆனா தெரு பிரிக்கிற அளவுக்கு அதுக்குப் பலம் கிடையாது." இவங்க சொன்னதை ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருஷமாகக் கல்லில் வெட்டி வைத்ததைக் கப்பலில் சில வாரம் கலைத்துப் போட்டிருக்கிறது. அப்படியென்றால் அது கலைக்கக்கூடியதுதான். மூன்று பவுன் தலைவரி கட்டச் சொல்லி, சவுக்கால் அடித்து, சுரங்கத்தில் சாகடித்த அந்தத் தேசத்தில், நம்ம ஆள் ஒருத்தன் பூசாரியாக நின்றிருக்கிறான். அவன் தம்பி இங்கே ஊர் மாரியம்மன் தேர் வாய்க்காலோடு திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

அவங்க ஊருக்குப் போன பிறகு இங்கே ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோளாகவே இதைச் சொல்கிறேன். சேரிக்கு எழுதப்பட்ட வரலாறு கிடையாது என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். இருக்கிறது. டர்பனில் கப்பல் பட்டியல்களில் இருக்கிறது. மொரிசியசில் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் வைத்திருக்கிற ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகளில் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் கோப்புகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஊர்ப் பேர் சிதைந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் கப்பக்காரன் வூடு மாதிரி பேர்கள் காரணம் தெரியாமல் கிடக்கின்றன. இரண்டையும் சேர்க்க ஆள் வேண்டும். இன்னும் பத்து வருஷம் விட்டால் இந்தப் பக்கத்துக் கிழவிகள் இருக்க மாட்டார்கள். கீழப்பழுவூரைச் சுற்றி உள்ள சேரிகளில் காலேஜ் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு நோட்டு நிரம்பியிருக்கிறது.

நோட்டில் என்னென்ன கட்டம் போடுவது என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. பேர், போனதாகச் சொல்கிற காலம், யார் சொன்னது, எந்த வீடு. சாதிக்குக் கட்டம் வேண்டாம் என்றான் ஒருத்தன். வெள்ளைக்காரன் போட்ட கட்டத்தை நாமும் போடுவதா என்று கேட்டான். நியாயமான கேள்வி. இன்னொரு பெண் சொன்னாள், "அண்ணே, அந்தக் காகிதத்துல ஊர் பேரு தப்பு. அந்த ஒரு கட்டம் இல்லன்னா அந்தம்மா குடியானத்தெருவுலயே காப்பி குடிச்சுட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க. நம்மகிட்ட வந்திருக்க மாட்டாங்க."

கட்டம் போட்டிருக்கிறோம். அவன் ஆளை அடையாளம் வைக்க எழுதினான். நாங்கள் தேடி வருகிறவர்களுக்கு வழி தெரியணும் என்று எழுதுகிறோம். எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் சேர்த்தே எழுதுகிறோம், எழுத்துப் பிசகாமல்.